நடத்தாத கணக்கு

"இது எங்களுக்கு நடத்தல மிஸ்" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் உட்கார்ந்துகொண்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் செண்பகவல்லி சமாளித்திருப்பாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தாலும் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்திருக்கலாம். அவளோ பஸ் இன்னும் வரவில்லை என்பதுபோல, யாருடைய குற்றமும் இல்லாத ஒரு தகவலாகச் சொன்னாள். சொன்னதோடு அந்த வினாவுக்கும் தனக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிட்டது என்று பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாம் ஆண்டு கணிதம், இரண்டாவது இன்டர்னல், ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை, நாற்பத்தொரு பேர். வினாத்தாள் எடுத்தவளும் மேற்பார்வைக்கு நிற்பவளும் ஒருத்தியே என்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. பதினான்காவது வினாவைச் செண்பகவல்லிதான் மூன்று முறை அடித்து, அழித்து, மறுபடி அடித்துச் சேர்த்தாள். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு துண்டு என்று கோடு போட்ட கடலைமிட்டாய்ப் பாளம் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பாளத்தை மட்டும் கையில் எடுத்துக் கோட்டின் வழியே நேராக உடைக்கலாம். இருபத்துநான்கு தனித்துண்டுகளும் கிடைக்கக் குறைந்தது எத்தனை முறை உடைக்க வேண்டும்? ஏன் என்று நிறுவுக. பத்து மதிப்பெண். "கடலமிட்டாய் எந்த யூனிட் மிஸ்?" என்று முதல் பெஞ்சிலிருந்து கிறிஸ்டில்டா எழுந்து கேட்டாள், எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவளின் பணிவோடு. பின்னாலிருந்து யாரோ, "அஞ்சாவது யூனிட்டுட்டி, கோயில்பட்டி" என்றாள். வகுப்பே சிரித்தது. செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்தது, வந்ததை விழுங்கினாள், குரலை உயர்த்தத் தெரியாததால் டஸ்டரை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள், சுண்ணாம்புத்தூள் எழும்பி அவளுடைய புடவையிலேயே படிந்தது. நடத்தியிருக்கிறேன் என்று சொல்லலாம். தொகுத்தறிதலை, சின்ன எண்ணில் தொடங்கிப் படிப்படியாக எல்லா எண்ணுக்கும் நிறுவுகிற முறையை, மூன்று வாரம் தொண்டை வறள நடத்தியிருக்கிறாள். ஆனால் கடலைமிட்டாயை நடத்தவில்லை, அது உண்மைதான். ஆவுடையம்மாள் சொன்ன வாக்கியம்கூடச் செண்பகவல்லிக்குப் புதிதில்லை. 'மிஸ்' இருக்கிற இடத்தில் 'சார்' போட்டுக்கொண்டால் அது அவளுடைய வாக்கியம்தான். அதை இப்போது நினைக்கக் கூடாது. மின்விசிறி சுற்றுகிறது, இரண்டாவது விசிறி மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் கழுத்தை நொடிக்கிறது, அதை எண்ணலாம், எண்ணிக்கொண்டே மெதுவாக நடக்கலாம்.

நடந்தாள். தெரியாத ஒன்றின் முன்னால் நாற்பத்தொரு பேர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி கலந்த ஆசை இருந்தது. ஒருத்தி வினாவை ஐந்தாவது முறையாக வாசிக்கிறாள், உதடு அசைகிறது, ஸ்தோத்திரம் சொல்வதுபோல. ஒருத்தி மேலே பார்க்கிறாள். ஒருத்தி ஸ்கேலை எடுத்து, ஏற்கெனவே மார்ஜின் போட்ட தாளில் இன்னொரு மார்ஜின் போடுகிறாள். நேராக ஒரு கோடு போட முடிவதே இப்போதைக்கு ஆறுதல். ஆனால் முக்கால்வாசிப் பேர் ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். பதினான்கு என்று எண்ணைப் போட்டு, வட்டம் போட்டு, கீழே வினாவையே குண்டுகுண்டான கையெழுத்தில் நகல் எடுத்து, நீல மையில் அடிக்கோடும் இழுத்திருந்தார்கள். சென்ற பருவத்துத் தேர்வில் ஒரு வினாவில் கழித்தல் குறி விட்டுப்போய், முயன்றவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் என்று அறிவித்தார்கள். முயல்வது என்றால் என்ன என்று பெரிய விவாதம் நடந்து, எண்ணை எழுதியிருந்தாலே முயற்சிதான் என்று முடிவாயிற்று. வெறுமனே விட்டிருந்த ஏழு பேர் வராந்தாவில் நின்று அழுதார்கள். அதிலிருந்து இந்தப் பழக்கம். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்: தெரியலன்னா நம்பரப் போட்டு வை, தப்பான கேள்வின்னா லாபம். கடினமான வினா வந்தால் முதலில் தோன்றுகிற எண்ணமே, இது தப்பான வினாவாக இருக்க வேண்டும் என்பதுதான். அவளால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. ஜூனிலிருந்து அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கணக்கைப் பலகையில் போட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிடுவாள், சும்மா நிற்பாள். இரண்டு நிமிடம் பொறுப்பார்கள். பிறகு யாராவது, "மிஸ், நீங்க போடுங்க மிஸ், நாங்க எழுதிக்கிடுதோம்" என்பார்கள், மிகுந்த அன்போடு. ஒரு நாள் நம்பாத முறையைக்கூடக் கொண்டுவந்தாள். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. இன்றைக்கு நான் சொல்வதை ஒருத்தி நம்பக் கூடாது, நம்பவைக்கிறவரைக்கும் ஏன் ஏன் என்று கேட்க வேண்டும், ஆவுடை, நீ கேள் என்றாள். ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள், கையைக் கட்டிக்கொண்டாள், முதல் வரி முடிவதற்குள், "நம்புதேன் மிஸ்" என்றாள். "ஏம்மா, கேளும்மா." "இல்ல மிஸ், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நம்பாத முறை அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. மூன்று பேருடையது. ஹாஸ்டலின் மூன்றாம் மாடிக்கு மேலே, தண்ணீர்த்தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, மூவரும் தலைக்குக் குளித்துவிட்டு முடியை வெயிலில் விரித்துப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருப்பார்கள். ஜெபக்கனி, ஆமினா, அவள். சீயக்காய் வாசனையும் சூடேறிய தளத்தின் வாசனையும் கலந்து வரும். நடுவில் அந்தப் புத்தகம். ஜங்ஷனில் பழைய புத்தகக் கடையில் ஆமினா பொறுக்கி எடுத்தது, அட்டையில் யாரோ ஒரு மாணவனின் பெயரை இன்னொரு மாணவி அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தாள். அறுபத்துநான்கு புதிர்க்கணக்குகள். பின்னால் விடைகள் இருந்த பக்கங்கள் மட்டும் இல்லை, தையல் வரைக்கும் சுத்தமாகக் கிழித்திருந்தது. "பரீட்சைக்கு ஒளிச்சுக் கொண்டுபோயிருப்பா" என்றாள் ஆமினா. "புதிர்க்கணக்கு எவம்ட்டி பரீட்சையில கேக்கான்" என்றாள் ஜெபக்கனி. விடை இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதல் ஞாயிறு மூவருக்கும் தெரியவில்லை. ஒரு கணக்கைப் போட்டார்கள், விடை வந்தது, சரியா என்று பின்னால் புரட்டினார்கள், பின்னட்டைதான் இருந்தது. அந்த நேரம், அந்தக் கொஞ்ச நேரம், படியில் கால் வைக்கப் போய்ப் படி இல்லாததுபோல இருந்தது அவளுக்கு. சரியென்று யார் சொல்வது? அப்படித்தான் அந்த முறை வந்தது. ஹாஸ்டலில் குளியலறை கழுவ வாரத்துக்கு ஒருத்தி முறை வைப்பதுபோல, வாரத்துக்கு ஒருத்தி நம்பக் கூடாது. மனசுக்குள் புரிந்துவிட்டாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, ஏன், எப்படிச் சொல்றே, வேறு மாதிரி நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆமினா முறை வந்தால் ஜெபக்கனிக்கு அழுகையே வந்துவிடும், அப்படிப் படுத்துவாள். "சரி, நீ சொல்றது தப்புன்னே வச்சுக்கிடுவோம், அப்ப எங்க போயி முட்டுது, அதக் காட்டு" என்பாள். ஜெபக்கனி எந்தக் கணக்கைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பாள், புதிதாக வீட்டுக்கு வந்த குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. பிறகு, "நூறு வேண்டாம்ட்டி, மூணு வச்சுப் பாப்போம், மூணு கடிக்காது" என்பாள். செண்பகவல்லிக்கு இரண்டும் தெரியாது. அவள் படம் போடுவாள், கரித்துண்டால் தளத்திலேயே, வட்டமும் அம்புக்குறியுமாக. வார்டன் வந்து இது என்ன மாந்திரீகமா என்று கேட்டிருக்கிறாள். ஒரு கணக்குக்கு நான்கு ஞாயிறு ஆகியிருக்கிறது. தெரியவில்லை என்ற அந்த நாட்களில் ஒரு சுகம் இருந்தது, வாயில் ஒதுக்கி வைத்த நெல்லிக்காய்போல, மெஸ் வரிசையில், பிரேயரில், துணி துவைக்கிற கல்லில், எங்கே போனாலும் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் படிப்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார்களோ என்னவோ.

"குட் மார்னிங் மேடம்" என்று பெஞ்சுகள் தேய நாற்பத்தொரு பேரும் எழுந்தார்கள். துறைத்தலைவர் மரகதம் மேடம் சுற்றுக்கு வந்திருந்தார். கையில் குடை, வெயிலுக்கும் மழைக்கும் அதே குடை. "உக்காருங்க, உக்காருங்க, எழுதுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கிறிஸ்டில்டா உட்காராமல் நின்றாள். "மேடம், பதினாலாவது கேள்வி சிலபஸ்லயே இல்ல மேடம். பத்து மார்க் மேடம்." மேடம் வினாத்தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படிக்கும்போது அவருடைய வாய் ஓரத்தில் ஒரு நிமிடம் என்னவோ அசைந்தது, அவரும் ஒரு பாளத்தை உடைத்துப் பார்த்தாரோ என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது, பிறகு அது அடங்கிவிட்டது. "வாங்கம்மா" என்று வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தூணோரம் நின்று குரலைத் தணித்தார். "என்னம்மா செண்பகம் இது? மிட்டாய், முறுக்குன்னு." "தொகுத்தறிதல்தான் மேடம். சின்னப் பாளத்துல ஆரம்பிச்சா…" "அது எனக்குத் தெரியும்மா. பிள்ளைகளுக்குத் தெரியணுமே. நடத்துனீங்களா?" "இதே கணக்க நடத்தல மேடம்." "நடத்தாதத எதுக்குக் கேட்டீங்க?" அதற்குப் பதில் அவளிடம் இருந்தது, நெஞ்சுக்குள் நீளமாக, ஆனால் நாக்குக்கு வரும்போது எல்லாம் உதிர்ந்து, "பாக்கலாம்னு மேடம்" என்று மட்டும் வந்தது. மரகதம் மேடம் கெட்டவர் அல்ல. முதல் வாரத்தில் அவளுக்குத் தன் மேசையிலேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தவர். "இங்க பாருங்கம்மா, இந்த கிறிஸ்டில்டா அப்பா போன வருசமே பிரின்சிபால் ரூம்ல வந்து உக்காந்துட்டாரு. ஏப்ரல்ல உங்களப் பெர்மனென்ட் பண்ணுத ஃபைல் போகணும், அதுல ஒரு கம்ப்ளெய்ன்ட் லெட்டரும் சேந்து போச்சுன்னா நான் என்ன சொல்லட்டும்? கேன்சல் பண்ணிருவோம். நம்பர் போட்டவளுக்கெல்லாம் பத்து. யாருக்கும் நஷ்டமில்ல. நான் பி.ஜி. ஹால் போயிட்டுப் பதினோரு மணிக்கு வாரேன், அதுக்குள்ள நீங்களே அனௌன்ஸ் பண்ணிருங்க. நீங்க சொன்னாத்தான் உங்களுக்கு மரியாத." குடை தரையில் ஊன்றி ஊன்றிப் போகிற சத்தம் படிக்கட்டில் இறங்கியது.

பத்து நாற்பது. இருபது நிமிடம் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. உண்மையில் அப்படித்தானே. எண் போட்டவர்கள் பத்து வாங்குவார்கள், அவள் ஏப்ரலைத் தாண்டுவாள், கடலைமிட்டாய் உடையாமலே இருக்கும். ஏன் சேர்த்தாய், ஏன், யார் கேட்டார்கள் என்று அவளுக்குள் ஒருத்தி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு நடந்தது இவர்களுக்கு நடக்கக் கூடாது என்று. என்ன நடந்தது? மூன்றாம் ஆண்டில் அவள்தான், அவளேதான், நூலகத்தின் பின்வரிசையில் அதே புத்தகத்தின் முழுப் பிரதியைக் கண்டுபிடித்தாள். ஆமினாவையும் ஜெபக்கனியையும் கூப்பிட்டு வந்து சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மதியம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து அறுபத்துநான்கையும் ஒத்துப்பார்த்து டிக் அடித்தாள், மூன்று தப்பு. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு அந்தப் பட்டியலோடு போனாள், பரிசு கொண்டுபோகிறவள்போல. முதல் இரண்டு தப்பை மூவரும் ஒத்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டாவது கணக்கில் ஜெபக்கனி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் போட்டது பன்னெண்டு. புக்குதான் தப்பு." "அச்சுல போட்டவன் தப்பாப் போடுவானாட்டி?" என்று கேட்டது அவள், செண்பகவல்லி, மூன்று வருடம் நம்பாமல் இருக்கப் பழகியவள். ஜெபக்கனி எழுந்து உட்கார்ந்து ஈர முடியைக் கொண்டையாக முடிந்துகொண்டாள். "பதில் இருக்குல்லா, இனி என்னத்துக்குக் கெடந்து சண்டை போட்டுக்கிட்டு" என்றாள் ஆமினா, சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த ஞாயிறு மூவரும் மாடிக்கு வந்தார்கள், முடியைக் காயவைத்தார்கள், சினிமாவைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிப் போனார்கள். அப்படி முடிந்துபோனது. யாரும் முடித்துவைக்கவில்லை. பிறகு எம்.எஸ்ஸி., கைடு, முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், எது வரும் எது வராது என்று பென்சிலால் நட்சத்திரம் போடுவது. அதிலும் அவள் கெட்டிக்காரி, முதல் வகுப்பு. சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகம். நீள மேசைக்குப் பின்னால் நான்கு பேர், ஏசி குளிரில் முழங்கையெல்லாம் புல்லரித்தது, பலகையில் எழுதிக்காட்டச் சொன்ன ஒரு கணக்கு. பெரிதாக ஒன்றுமில்லை, இப்போது நினைத்தால் மூன்றை வைத்துப் பார்த்திருந்தாலே பிடி கிடைத்திருக்கும். அவள் அதைப் பார்த்தாள், அந்த மாதிரி ஒன்றை இதற்குமுன் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. கையில் சுண்ணாம்புக்கட்டி வியர்வையில் குழைந்தது. "இது எங்களுக்கு நடத்தல சார்." நடுவில் இருந்தவர் கோபிக்கவில்லை. "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். அந்தக் கனிவுதான் இன்றும் பல் கூசுவதுபோல எங்கேயாவது கூசுகிறது. ரயிலில் திரும்பும்போது மதுரை வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள், மாடியில் படுத்திருந்தவள் எங்கே போனாள், அவளை எந்த ஸ்டேஷனில் விட்டேன். முப்பத்தெட்டாவது கணக்கைச் சென்ற வருடம் வகுப்புக்காகப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு. ஜெபக்கனி சொன்னதுதான் சரி. உடனே போனை எடுத்து எழுதினாள், அழித்தாள். காயல்பட்டினத்தில் ஆமினாவுக்கு இரண்டு பிள்ளைகள். ஜெபக்கனி எங்கோ வடக்கே, மாதம் ஒருமுறை ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம் அனுப்புகிறாள். ரோஜாப்பூவுக்குக் கீழே, நீ சொன்னதுதான் சரி என்று எப்படி எழுதுவது.

பத்து ஐம்பத்திரண்டு. சொல்லிவிடலாம். இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றுமில்லை. ஒரு வினாவை வைத்து நாற்பத்தொரு பேரைத் திருத்திவிட முடியுமா, ஆறு மாதம் வகுப்பில் நடக்காதது கடைசிப் பத்து மதிப்பெண்ணில் நடந்துவிடுமா, இது அவர்களுக்காகவா அல்லது அந்த நீள மேசைக்காகவா, உன்னுடைய பழைய கணக்கைத் தீர்க்க இந்தப் பிள்ளைகள்தான் கிடைத்தார்களா. அவள் மேசையருகே வந்து நின்றாள், தொண்டையைச் செருமினாள். "பிள்ளைகளே" என்றாள். அவளுடைய குரல் முதல் இரண்டு பெஞ்சுகளைத் தாண்டவில்லை. கிறிஸ்டில்டா மட்டும் நிமிர்ந்தாள், அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுபடி செருமினாள். அப்போதுதான் அந்தச் சத்தம். சர்ரென்று, நிதானமாக, இழுத்து, தாள் கிழிகிற சத்தம். தேர்வு அறையில் கேட்கவே கூடாத சத்தம் அது. விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கும், எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது, கிழித்தால் ஒழுங்கீனம், படிவம், பெற்றோர், கையெழுத்து. செண்பகவல்லி அந்தப் பக்கம் பார்த்தாள். ஜன்னலோரம், நான்காவது பெஞ்ச். ஆவுடையம்மாள் விடைத்தாளின் கடைசி வெற்றுத்தாளை உருவியிருந்தாள். அதில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு. நுனிநாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு, கோட்டின் மேலேயே மடித்து, நகத்தால் நீவி, கிழிக்கிறாள். மடியில் ஏற்கெனவே சிறியதும் பெரியதுமாகத் துண்டுகள். ஒவ்வொரு கிழிப்புக்கும் உதடு ஒன்று சொல்கிறது. தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே அந்தப் பெண் மறந்திருந்தாள். அவள் செய்வது தண்டனைக்குரிய குற்றம் என்று அவளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். கால் தானாக நடந்தது. பக்கத்தில் போய், வேறு எதையோ பார்ப்பதுபோல நின்று, தாளைப் பார்த்தாள். இரண்டுக்கு மூன்று, ஐந்து. வேறு மாதிரி, ஐந்து. மூன்றுக்கு மூன்று, எட்டு. நெடுக்க முதலில் கிழித்தாலும் எட்டு. அதன் கீழே, தேர்வுத்தாள் என்ற நினைப்பே இல்லாமல், 'எப்படிக் கிழிச்சாலும் அதேதான் வருது என்ன மாயம்' என்று எழுதி, மாயம் என்ற சொல்லை மட்டும் அடித்திருந்தாள். நம்பவில்லை. தன் கையால் கிழித்ததையே நம்பாமல் இன்னொரு தடவை கிழித்துப் பார்க்கிறாள். இப்போது, இந்த நிமிடத்தில், பதினான்காவது வினா ரத்து என்று மேசையில் போய் நின்று சொன்னால் இந்தக் கை நின்றுவிடும். துண்டுகளை அள்ளி பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டு, பதினான்கு என்று எழுதி வட்டம் போட்டுக்கொள்வாள். பத்துக்குப் பத்து. நஷ்டம் யாருக்கும் இல்லை என்றாரே மேடம், இதோ, இவளுக்கு.

படிக்கட்டில் குடை ஏறி வந்தது. எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, "அனௌன்ஸ் பண்ணியாச்சாம்மா?" என்றார் மரகதம் மேடம். "இல்ல மேடம்." "மணி என்ன?" "பதினொண்ணு மேடம். கேன்சல் பண்ண வேண்டாம் மேடம்." சொல்லியாகிவிட்டது. அது தன் குரல்தானா என்று செண்பகவல்லியே காதைத் தீட்டிக்கொண்டாள். "என்ன?" "கேள்வி சரியான கேள்விதான் மேடம். இருக்கட்டும்." மேடம் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி ஜன்னலோரம் பார்த்தார். அவருடைய கண் முப்பது வருடக் கண், நாற்பத்தொரு பேரில் தப்பான ஒன்றின் மேல் நேராகப் போய் உட்காரும். "அது என்ன மடியில குப்பை? எந்திரி." ஆவுடையம்மாள் எழுந்தாள். துண்டுகள் மடியிலிருந்து சரிந்து காலடியில் விழுந்தன, ஒன்று மட்டும் தாவணி மடிப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. இப்போதுதான் அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்பது தெரிந்தது, முகம் வெளிறி, கண் அந்தத் தடித்த எழுத்தைத் தேடியது. "ஆன்சர் ஷீட்டையா கிழிச்ச? கிழிக்கலாமா? செண்பகம், அந்த ஃபாரத்த எடுங்க." இரண்டாவது விசிறி கழுத்தை நொடித்தது, நொடித்தது. "நான்தான் மேடம் கிழிக்கச் சொன்னேன்." ஆவுடையம்மாள் திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்டில்டாவும் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?" "ஆமா மேடம். வேணும்னா கடைசித் தாளக் கிழிச்சுப் பாத்துக்கிடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்." பொய் இவ்வளவு வழுக்கிக்கொண்டு வரும் என்று அவளுக்குத் தெரியாது. வாழ்நாளில் வார்டனிடம்கூடப் பொய் சொன்னதில்லை, அதற்குத் தைரியம் இருந்ததில்லை. மரகதம் மேடம் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பவில்லை என்பதைக் காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. "எழுத்துல குடுங்க" என்றார். "சிலபஸ்ல இல்லாததக் கேட்டேன், ஷீட்டக் கிழிக்கச் சொன்னேன், ரெண்டையும். பன்னெண்டு மணிக்கு என் டேபிள்ல இருக்கணும். அப்புறம் என்னச் சொல்லாதீங்க." வாசலில் நின்று, உள்ளே பார்த்து, "எழுதுங்கட்டி, என்ன வேடிக்க" என்றுவிட்டுப் போனார்.

குடைச் சத்தம் படிக்கட்டில் இறங்கிப் போனது. பிறகு பின்பெஞ்சில், "அப்ப கேன்சல் இல்லையா?" என்று ஒரு முணுமுணுப்பு. "இல்லட்டி." "நாசமாப் போச்சு." அதற்குப் பிறகு, எங்கோ ஒரு மூலையில், சர். செண்பகவல்லி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். இன்னொரு பக்கம், சர். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம், எண்ணவில்லை. மற்றவர்கள் நகலெடுத்த வினாவுக்குக் கீழே இன்னொரு அடிக்கோடு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்டில்டா தாளைக் கிழிக்கவில்லை, மூக்கு நுனி சிவக்க என்னவோ எழுதி, அடித்து, எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய விடைத்தாளில் அடித்தல் ஒன்றைச் செண்பகவல்லி பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் மேடம் எழுதித் தரச் சொன்னது நினைவுக்கு வந்தது. விளக்கக் கடிதம். ஐயா என்று தொடங்குவதா, அம்மையீர் என்றா. ஏப்ரலில் ஃபைல் போகும், அதன் மேல் இந்தக் கடிதம் இருக்கும். அப்பாவிடம் என்ன சொல்வது, வேறு கல்லூரி, மறுபடி ஒரு நேர்முகம், நீள மேசை. பயம் வந்தது, ஆனால் வந்து உட்கார்ந்ததும் அது எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது, அல்லது வேறு ஏதோ பெரிதாக ஆகியிருந்தது. மணி அடித்தது. தாள்களை வாங்கினாள். எண் மட்டும் போட்டவர்கள் இருபத்தாறு பேர். ஆவுடையம்மாள் கடைசியாக வந்தாள், உள்ளங்கையில் துண்டுகளைக் குவித்து வைத்திருந்தாள். "இதையும் கட்டணுமா மிஸ்?" "குடு." நன்றி சொல்ல வாய் எடுத்தவள் வேறு எதையோ சொன்னாள். "முடிக்கல மிஸ். இன்னும் பத்து நிமிசம் இருந்தா வந்திருக்கும்." அவளுடைய தாளில் கடைசி வரி, 'ஒரு தடவை உடைத்தால் ஒரு துண்டுதான் கூடும். அதனால்' என்று நின்றிருந்தது.

தாள்களைக் கட்டி, துண்டுகளை ஒரு கவரில் போட்டு, கடிதத்துக்கு ஒரு வெள்ளைத்தாளை மேலே வைத்து வெளியே வந்தபோது பதினொன்று ஐம்பது. வராந்தா அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்டாஃப் ரூமுக்கு அதுதான் வழி. இருபது இருபத்தைந்து பேர் வட்டமாக நின்றார்கள், நடுவில் கிறிஸ்டில்டா. "எட்டுதாம்ட்டி. குறுக்க மூணு கோடு, நெடுக்க அஞ்சு கோடு. எட்டு. இதுல என்ன இருக்கு?" "கோட்ட ஏன் எண்ணுத, துண்ட எண்ணு" என்றாள் ஆவுடையம்மாள். "நீ குறுக்க ஒடச்சப்பறம் நாலு பாளம் தனித்தனியாக் கெடக்கும். நாலையும் அடுக்கி வச்சு ஒரே தடவையில ஒடைப்பியோ?" "ஒடைப்பேன்." "அதான் ஒரு நேரத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்குல்லா, கேள்விய வாசி." "நான் வாசிக்கலங்கியா? நான்?" யாரோ டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்துக் காட்டப் போக, அது கோணலாகப் பொடிந்தது. "அது கோட்டுல ஒடையாது, நீ தின்னு தொலை." "அப்ப நாலு ஆறுக்கு எத்தன, சொல்லு" என்றாள் கிறிஸ்டில்டா. "இருபத்துமூணு." "ஏன்?" "ஒடச்சுப் பாத்தேன்." "நீ ஒடச்சது மூணுக்கு மூணு. நாலு ஆறுக்கும் அப்படித்தான் வரும்னு எப்படிச் சொல்லுத? ஏன்?" கிறிஸ்டில்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ஆவுடையம்மாள் வாயைத் திறந்து, மூடி, கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இரு. சொல்லுதேன். இரு." வழக்கமாகச் செண்பகவல்லியின் தலை தெரிந்ததும் சுவரோரம் ஒதுங்கி, ஒரே குரலில் வணக்கம் சொல்லி வழிவிடுகிற பிள்ளைகள். இன்றைக்கு ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் வழி விடுங்கம்மா என்றால் போதும். கீழே பன்னிரண்டு மணி அடித்தது. விலகச் சொல்லாமல், தாள்கட்டையும் அதன்மேல் இன்னும் எழுதாத கடிதத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செண்பகவல்லி அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.